என்னாலேயே படிக்க முடியாமல் போன முப்பத்தொரு பக்கம்

சென்ற ஆடி மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. என் நாவலின் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பிரித்தேன். முப்பத்தொரு பக்கம். நானே எழுதியது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போனேன், வாசலுக்குப் போனேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தாளில் சாம்பல் பூசியது போலத்தான் இருந்தது. பதிப்பாளர் கொடுத்திருந்த கெடு இருபது நாள். அதில் ஆறு நாள் போயிருந்தது.

அம்மனை நம்பும் அன்பர்களே, அன்று நான் உட்கார்ந்து அழுதேன். எழுபத்தாறு வயதில் அழுதேன். அந்த நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும், ஆத்தா என்னை எப்படிக் கரையேற்றினாள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் சேலம் சூரமங்கலத்தில் குடியிருப்பவன். முப்பத்து நான்கு வருடம் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. எண்ணாமல் எதையும் வாங்கியதில்லை, எண்ணாமல் கொடுத்ததும் இல்லை. ஓய்வு பெற்ற பின் ஒரு நாவல் எழுதத் தொடங்கினேன். திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போன கந்தசாமி என்ற ஒருவனின் கதை. ஊருக்குப் பார்சல் மட்டும் அனுப்புவான், ஆள் வரமாட்டான். ஆறு வருடம் எழுதினேன். தினம் நாற்பது வரி, கூடவும் இல்லை, குறைவும் இல்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

கையெழுத்துப் பிரதியை நகலெடுத்து மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. மூன்றாவது இடத்தில், எழுத்து புரியவில்லை, தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் கண் டாக்டர், எனக்குக் கண் அழுத்த நோய் என்றும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். இனி நானே உட்கார்ந்து தட்டச்சுப் பழகும் எண்ணம் போயிற்று. யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் டிடிபி கடை வைத்திருந்தார் செல்வி. நாற்பது வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பவர். விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவருடைய கொழுந்தனார் சென்னையில் டி.வி. சீரியல் கம்பெனியில் வேலை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. என் கதை அந்தச் சந்தில் நுழைந்து சென்னையில் சீரியலாக வெளியே வரும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் மனைவி சரசு சொன்னாள்: "ஏனுங்க, நீங்க எழுதுனதக் காக்கா தூக்கிட்டுப் போயிரும். பேசாம மடியிலேயே கட்டிக்கிட்டுத் தூங்குங்க."

மனம் கேட்காமல் ராசிபுரம் பக்கத்திலுள்ள எங்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமானாலும் அம்மனிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியே ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். செல்வியை நம்பி நாவலைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தேங்காய் உடைக்க வந்த ஓர் அம்மாவை எடுக்கச் சொன்னார் பூசாரி. வெள்ளை வந்தது.

"அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க" என்றேன்.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிருப்பன்னு நெனச்சீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு கணக்குக்குத்தான்."

பிரித்தார். சிவப்பு. அந்த அம்மாவிடம் செவ்வாய்ப்பேட்டையில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டேன். அவர் தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உத்தரவு கிடைத்தது. ஆனால் அதை நான் முழுதாக நிறைவேற்றவில்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் உருவி, பழைய வேட்டிக்குள் சுற்றி பீரோவில் வைத்தேன். முடிவு இல்லாத கதையைத் திருடி என்ன செய்வார்கள்? அந்த அத்தியாயம் ஏற்கெனவே எவருக்கும் புரியக்கூடாது என்று பென்சிலில், பொடி எழுத்தில், பார்சல் ரிஜிஸ்டரில் எழுதுவது போலப் பெயர்களைச் சுருக்கி எழுதியது. முன்பு பதிப்பகங்களுக்கு அனுப்பிய நகலிலும் அதைச் சேர்க்கவில்லை. மீதி முந்நூற்று எண்பத்தொரு பக்கத்தை, நாளுக்குப் பன்னிரண்டு பக்கமாகச் செல்வியிடம் எடுத்துப் போனேன். மாலையில் எண்ணி வாங்கினேன். ஒரு நாளும் குறையவில்லை. குறையாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எட்டாம் அத்தியாயத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யான ஊர்ப் பெயரைச் செருகினேன். கதை வேறெங்காவது வெளிவந்தால் அதை வைத்துத் திருட்டை நிரூபிக்கலாம். மறுநாளே செல்வி கேட்டார்:

"ஐயா, கந்தசாமி ஏழாம் அத்தியாயத்துல நாக்பூர்ல இருந்தானுங்க. எட்டுல திடீர்னு வேற ஊருங்கறீங்க. நடுவால பஸ்சு ஏறுன மாதிரியே தெரியலீங்களே."

"கையில வந்ததை அடிச்சாப் போதும், அம்மணி."

"அடிச்சுட்டனுங்க. தப்புன்னு தோணுச்சு, கேட்டேன்."

பத்திரிகை அடிப்பவருக்குக் கதை எதற்கு என்று நினைத்தேன். கடைசி நாள் அவர் கேட்ட கேள்வி என்னை இன்னும் கலங்கடித்தது.

"ஐயா, அவன் ஊடு வந்து சேந்தானுங்களா, இல்லீங்களா?"

"அது இன்னும் எழுதலை" என்று பொய் சொன்னேன்.

"சீக்கிரம் எழுதுங்க. எனக்கு ரெண்டு நாளா அடுப்புல பாலு பொங்குறதுகூடத் தெரியலீங்க."

முடிவு இல்லாமலேயே பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து போன் வந்தது. நாவல் பிடித்திருக்கிறது, முடிவை இருபது நாளுக்குள் அனுப்பினால் தை மாதம் புத்தகம், இல்லையென்றால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். வீட்டு வேலைகளை முடித்து ஆற அமர எடுக்கலாம் என்று ஆறு நாளை வீணாக்கினேன். ஏழாம் நாள் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். அந்த நான்கு மாதத்தில் என் கண் அவ்வளவு இறங்கியிருந்தது.

சரசு முயன்று பார்த்தாள். மூன்று வரிக்குமேல் போகவில்லை. பெங்களூரில் இருக்கும் மகனுக்கு போட்டோ அனுப்பினோம். "அப்பா, இது தமிழா?" என்று கேட்டான். கதை நினைவிருந்தது, வாக்கியங்கள் நினைவில் இல்லை. ஒன்பது முறை திருத்தி எழுதிய வாக்கியங்கள். ஆத்தா, ஒரே ஒரு நாளைக்குக் கண்ணைக் கொடு, முப்பத்தொரு பக்கத்தை வாசித்துச் சொல்லிவிடுகிறேன், பிறகு எடுத்துக்கொள் என்று வேண்டினேன். ஐந்து நாள் வேண்டினேன். கண் தெளியவில்லை.

ஆறாம் நாள் சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூ கேட்க வேண்டும் என்றேன். பூசாரி பூவை எடுக்கவில்லை.

"போன தடவ கேட்டீங்களே, அந்த உத்தரவு என்னாச்சுங்க?"

"செஞ்சுட்டேன்."

சரசு குறுக்கிட்டாள். "எங்க செஞ்சீங்க? கடைசிய உருவி வேட்டிக்குள்ள சுத்தி வெச்சாருங்க."

பூசாரி சிரிக்கவில்லை. "அப்பப் பூப் போட முடியாதுங்க. ஆத்தா ஒண்ணு சொல்லி, அது பாக்கி நிக்கறப்ப இன்னொண்ணு கேக்கக்கூடாதுங்க. இங்க அப்பிடி வழக்கமில்ல. மொதல்ல அதை முடிச்சுட்டு வாங்க."

நான் கண் கேட்டேன். அவள் கண் கொடுக்கவில்லை. வேண்டியதை எப்போதோ கொடுத்துவிட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. முந்நூற்று எண்பத்தொரு பக்கம் என் கையெழுத்தைப் படித்துப் பழகியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய் அந்தப் பக்கங்களை வேட்டியோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். கொழுந்தனார் விஷயத்தையும் சொன்னேன். செல்வி கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"அவன் அங்க சமையல் பண்றானுங்க ஐயா. இட்லி ஊத்தறான்" என்றார். பிறகு, "குடுங்க" என்றார்.

விளக்கைக் கிட்டே இழுத்துவைத்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். "'க' ன்னா கந்தசாமி. 'போ.வ.' ன்னா போர் வண்டி. இதென்னமோ பெரிய ரகசியமுங்களா?" நிற்காமல் படித்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். முப்பத்தொரு பக்கத்தில் இரண்டே வார்த்தையை மாற்றிப் படித்தார். அதில் ஒன்று நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கெடு முடிய ஏழு நாள் மீதி இருக்கும்போதே அனுப்பிவிட்டோம்.

தை மாதம் புத்தகம் வந்தது. எட்டாம் அத்தியாயத்தில் நாக்பூர் நாக்பூராகவே இருக்கிறதாம், செல்வி திருத்தியிருந்தார். முதல் பிரதியை அம்மன் காலடியில் வைத்தேன். என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்பர்களே, கேட்டு வாங்கிய உத்தரவில் பாதியை மட்டும் செய்துவிட்டு, ஆத்தா காக்கவில்லையே என்று என்னைப்போல் அழாதீர்கள். எந்தப் பக்கத்தை உருவி ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது நாவல் நடக்கிறது. தினம் காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போய் நான் சொல்கிறேன், செல்வி அடிக்கிறார். இந்தச் சாட்சியும் அப்படி எழுதியதுதான். அவரைப் பற்றி நான் நினைத்த கெட்டதையெல்லாம் விடாமல் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்த்திருக்கிறாரா இல்லையா என்று பார்க்க எனக்குக் கண் இல்லை. கேட்கவும் இல்லை.