ஓங்கிலுக்கு மூக்கு எங்கே?

தொண்ணூறுகளில் நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் வாயைத் திறந்தாலே, "டாக்டரம்மா சொல்றாங்க, கேளுங்க" என்று அம்மா கேலி செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் வற்றியிருந்த நேரம், நானும் அம்மாவும் தங்கா பத்து கடற்கரையில் மட்டி பொறுக்கப் போனோம். அங்கே சேற்றில், டால்பின் என்கிறோமே, அந்த ஓங்கில் ஒன்று கரைதட்டிக் கிடந்தது. சாம்பல் உடம்பு, வயிற்றில் இளஞ்சிவப்பு, முதுகில் மாட்டுக்கு இருப்பதுபோல் திமில். கரையை ஒட்டியே வாழ்கிற இனம். அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. வாளியில் கடல்நீரை மொண்டு வந்து, சாமிக்கு அபிஷேகம் செய்வதுபோல் அதன் உச்சந்தலையில் ஊற்றினார். அது இருமித் துள்ளியது.

"அம்மா, மூக்குல ஊத்தாதீங்க!"

"மீனுக்கு ஏதுடி மூக்கு?"

"மீன் இல்லம்மா. குட்டி போட்டுப் பால் கொடுக்கும், நம்மள மாதிரி மூச்சு விடும். தலையில இருக்கே ஓட்டை, அதான் மூக்கு."

பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த மலாய்க்கார மீனவர் கயிற்றோடு வந்தார். "ஈக்கான் லும்பா-லும்பா," என்றார். வாலில் கட்டி இழுத்துவிடலாமாம்.

"பார்த்தியா, அவரே ஈக்கான்னுதானே சொல்றாரு? மலாய்ல ஈக்கான்னா மீன்தான்லா!"

வாலை இழுத்தால் அதன் எலும்பு நழுவிவிடும் என்று அவரிடம் கெஞ்சினேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார்.

அம்மா தோளில் கிடந்த துண்டை நனைத்து, மூக்கை விட்டுவிட்டு முதுகில் போர்த்தினார். துடுப்புகளுக்கு அடியில் கையால் பள்ளம் பறித்தோம். அது மூச்சு விடும்போதெல்லாம் அம்மா, "விட்டுடுச்சு" என்றார். தாமதமானால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் ஏறி இடுப்பளவு வந்ததும் அது மிதந்தது. மூவருமாகக் கடல் பக்கம் திருப்பிவிட்டோம், நீந்திப் போனது. அப்போதுதான் மீனவர் தலையில் கைவைத்தார். அவருடைய வலை அந்தப் பக்கம்தான் கிடந்தது. சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துவிடும். படகைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நாங்கள் கரையில் நின்று படகையே பார்த்தோம்.

திரும்பி வந்தபோது வலை முழுவதும் படகில் குவிந்து கிடந்தது.

"கோசோங்!" என்று தூரத்திலிருந்தே கத்தினார். வலை காலி என்று ஒரு மீனவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா தொப்பென்று மணலில் உட்கார்ந்தார். "அப்பாடா... பாவம், இவரு வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு வைப்பாங்க?"