கஸ்னா காத்த ஓட்டுக் குவியல்

பானை ஓடு கழுவும் கஸ்னாவிடம் எங்கள் அகழாய்வுக் குழியில் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். யோர்தான் பள்ளத்தாக்கு வெயிலில் பன்னிரண்டு வருடம் வாளியும் பிரஷுமாக உட்கார்ந்தவள். நான் ஓடுகளைப் படம் வரைபவன், அவளிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

எழுபதுகளில் எங்கள் இயக்குநர் டாக்டர் முன்திருக்கு ஒரு சட்டம் இருந்தது. கண்ணாடிப் பூச்சுள்ள ஓடு என்றால் இஸ்லாமியக் காலம். வெறும் மண் ஓடு என்றால் அதற்கு முந்தியது, எண்ணிவிட்டு வெளியே கொட்டு. கிழக்குக் குழியில் வெளிப்பட்ட பழைய வீட்டில் பூச்சு ஓடு ஒன்றுகூட இல்லை. ஆகவே முஸ்லிம்கள் வருமுன்பே அது பாழாகிவிட்டதாம். வியாழக்கிழமை தரையைப் பெயர்த்து, அடியிலுள்ள ரோமர் தெருவைப் பார்ப்போம் என்றார்.

கஸ்னா பிரஷைக் கீழே வைத்தாள்.

"அப்போ நம்ம ஆளுங்க வந்ததும் ஊரே காலின்னு எழுதப் போறீங்களா, டாக்டர்?"

"ஓடு சொல்றதத்தான் எழுதறேன், சாலிம் அம்மா." மகன் பெயரைச் சொல்லித்தான் அவளை அழைப்பார்.

"தினம் ஓட்டோட கிடக்கறவ நான். உங்ககிட்ட மட்டும் காதுல வந்து சொல்லிச்சாக்கும்? இந்த வெளுத்த ஓட்டத் தொட்டுப் பாருங்க. மெல்லிசு. இது வேற மண்ணு, வேற கை."

"ஆதாரம் வேணும்."

"வியாழன் வரைக்கும் அந்தத் தரையில எவனாவது கடப்பாரைய வச்சான், அப்புறம் இருக்கு!"

கொல்லையில் கொட்டிய குப்பைதான் அவள் ஆதாரம். எல்லாம் கலந்து போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் ஒவ்வொரு கூடைக் கழிவையும் தனிக் குவியலாக வைத்து, இடம் எழுதிய சீட்டைக் கல்லுக்கடியில் செருகியிருந்தாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

மூன்று நாள் அந்த வீட்டுக் குவியலிலேயே கிடந்தாள். தேநீர் ஆறியது, ரொட்டி காய்ந்தது. நான் பிடித்துக்கொள்ள, அவள் பசை தடவி ஒட்டினாள்.

"வரையத் தெரியுதே, பிடிக்கத் தெரியலையா? கை ஏன் இப்படி ஆடுது?"

புதன் மாலை, பதினேழு துண்டு சேர்ந்து ஒரு கூஜாவின் தோள் உருவானது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கீறல். தனித்தனியாகப் பார்த்தபோது குயவன் கை தவறியது என்றிருந்தோம். சேர்ந்ததும் அவை எழுத்துகள். சுடுமுன் ஈரமண்ணில் குச்சியால் எழுதியவை.

முன்திர் மண்டியிட்டு, புள்ளியில்லாத பழைய அரபு எழுத்தைத் தடவித் தடவிப் படித்தார். "பரக்கத்... இறைவனோட அருள், இதை வச்சிருக்கறவருக்கு."

முஸ்லிம்கள் காலத்துக் கூஜா, ஆனால் துளிகூடப் பூச்சில்லை. சீட்டிலோ அந்த வீட்டுத் தரையின் எண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"தரையத் தொட வேண்டாம்" என்றார் முன்திர். பிறகு தயங்கினார். "போன வருஷம் ரெண்டு வீட்டப் பெயர்த்தோமே. அந்தக் கழிவும் தனியா இருக்கா?"

"இருந்திச்சு. ஜீப்பு சேத்துல மாட்டுதுன்னு அத அள்ளிப் பாதையில கொட்டச் சொன்னது யாரு?"

மறுநாள் முன்திர் ஜீப்பைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பாதை நடுவே கஸ்னா வாளியோடு உட்கார்ந்து, சேற்றில் புதைந்த முதல் ஓட்டுத் துண்டைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள்.