ஆடி மாதத்து அடைக்கோழி

என் பழைய கைப்பேசியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. வெயில் கொளுத்தும் வெற்று மனை. நடுவில் ஓர் அக்கா விறைப்பாக நிற்கிறார். பின்னால் அவருடைய குடிசை, அதன் ஒரு பக்கத்தில் சுவருக்குப் பதில் நீலத் தார்ப்பாய். மனையின் மூலையில் கவிழ்த்து வைத்த பஞ்சாரம், கோழி அடைக்கும் அந்தக் கூடைதான். போனைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் அக்காவின் பார்வை பக்கவாட்டில் எங்கோ போயிருக்கிறது. எதைப் பார்த்தார் என்று எனக்குப் பல வருடம் தெரியாது.

அப்போது நான் ஒன்றிய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓவர்சியர். உப்பூருக்கு மேற்கே உள்ள கிராமங்கள் என் பொறுப்பு. வீடில்லாதவர்கள் முதல் வீடு கட்ட அரசு தவணை தவணையாக உதவும் திட்டம் அது. முதல் தவணை வந்தால்தான் அஸ்திவாரத்துக்கே ஜல்லி இறங்கும். அதற்கு முன் பயனாளியை வெற்று மனையில் நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். உத்தரவுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த வருடம் உத்தரவு வந்து சேர்ந்தது ஆடி பிறந்த பிறகு. ஆடி முடிவதற்குள் படம் ஏற வேண்டும் என்று கெடு. வீடு வீடாக ஏறி இறங்கினேன். "ஆடி போகட்டும் சார்" என்பதுதான் எல்லா வாசலிலும் பதில். ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வெறும் படம்தானே, வேலையை ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அதிகாரி வந்து ஆளை மனையில் நிறுத்துவதே தொடக்கம்தான் என்று ஒருவர் ஒரே பிடியாக நின்றார். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடைசியில் அவருடைய பெயர் பட்டியலிலிருந்து போயே போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் அந்த அக்கா தானாகவே போன் செய்தார். "சார், இங்கன எப்ப வாரீக? இன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிருங்க." மிளகாய்க் காட்டில் களையெடுக்கவும் பழம் பறிக்கவும் போகிறவர். போன மழையில் குடிசையின் மண்சுவர் ஒன்று கரைந்து விழுந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளையும் புதுமடத்தில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிட வேண்டியதுதான் என்று முன்பே கலங்கியிருந்தார். அந்த அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனால் மனுக் கொடுக்கக்கூட நல்ல நாள் பார்த்து வந்தவர் இவர். ஊரே அஞ்சுகிற ஆடிக்கு இவர் மட்டும் ஏன் அஞ்சவில்லை? அதுதான் என் மண்டையைக் குடைந்தது.

அன்றைக்கென்று எங்கள் பொறியாளரும் ஜீப்பில் வந்துவிட்டார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். பேச்செல்லாம் கோப்பில் எழுதுகிற தமிழ். விதி என்றால் விதிதான். அவர் கையெழுத்துப் போடும்வரை மூச்சுவிட எங்களுக்குப் பயம்.

மனை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பஞ்சாரம் மட்டும் உறுத்தியது. "அக்கா, அதக் கொஞ்சம் தூக்கி அங்கிட்டு வைங்க" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "அடைக்கோழி சார். தூக்குனா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்."

நான் கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளை. அடைக்கோழியை வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைப்பார்கள். ஆடி வெயிலில் திறந்த மனையில் யாராவது வைப்பார்களா? அது முதல் கல் ஊன்றும் ஈசானி மூலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனி முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசி, முதல் செங்கல்லை ஊன்றியிருக்கிறார்! அவரைப் பொறுத்தவரை வீடு ஆனியிலேயே தொடங்கிவிட்டது, அதனால்தான் ஆடி அவரை ஒன்றும் செய்யவில்லை. அதிகாரிகள் பார்த்தாலும் அந்தச் செங்கல் தொடக்கம்தான், அதனால்தான் இந்தப் பஞ்சாரம். ஊன்றிய கல்லைப் பிடுங்கச் சொன்னால் வீடே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

பொறியாளர் பஞ்சாரத்தை நோக்கி நடந்தார். பக்கத்தில் போய்க் குனிந்தார். அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். "சார், அடைக்கோழிதான் சார், கலைச்சா பொரிக்காது" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "புகைப்படம் எடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குத் திரும்பி நடந்தார். டவுன்காரர், கோழியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டேன்.

வீடு மழைக்கு முந்திக்கொண்டது. அஸ்திவாரம் தோண்டிய அன்று ஈசானி மூலையில் அந்த மஞ்சள் செங்கல் இருந்தது. நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். பிள்ளைகள் புதுமடத்துக்குப் போகவில்லை.

போன மாதம் பொறியாளர் பணி ஓய்வு பெற்றார். சால்வைகளும் பேச்சுகளும் முடிந்து, எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, அந்த அடைக்கோழி குஞ்சு பொரிச்சுச்சா?"

அவர் வாயில் ஏலே என்ற சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஆளு கிட்டப் போனா அடைக்கோழி சிலுத்துக்கிட்டுக் கத்தும்ல? அது மூச்சே விடல. பஞ்சாரம் பூரா கண்ணு கண்ணா ஓட்டை வேற" என்றார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடப் போய்விட்டார். இளக்காரமாகச் சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பஞ்சாரத்தின் இடுக்கில் துளி மஞ்சள் தெரிந்தது. இந்தப் படத்தை அலுவலகக் கணினியில் பார்த்து ஒப்புதல் கொடுத்தவரும் அவர்தான். பிறகு அக்காவின் கண்களைப் பார்த்தேன். ஜீப் நின்றது அந்தப் பக்கம்தான். பொறியாளர் செங்கல்லைப் பார்த்துவிட்டார் என்பது அக்காவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தன் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவரின் முதுகைத்தான் அக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.