பெருக்கல் குறி

அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே பணிப்பெண் அனுப்பும் நிறுவனம் அது. அவள் மேசையில் பதினொரு கைப்பேசிகள். ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் செயலியையும் இணையதளத்தையும் திறந்து குறை தேடுவது வேலை. பள்ளியில் படிக்கும்போது, வாத்தியார் கூட்டலில் தவறித் தனக்கு ஐந்து மதிப்பெண் அதிகம் போட்டதை எழுந்து நின்று சொன்னவள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அக்காவும் அந்த நிறுவனத்துக்குத்தான் உழைத்தாள், பணிப்பெண்ணாக. இரண்டு வருடமாக ஒரே பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் தினமும் காலை ஆறு மணிக்கு அன்றைய வேலைகளின் பட்டியல் வெளியாகும், முந்துகிறவருக்கு வேலை. அக்காவின் பழைய கைப்பேசியில் செயலி ஏறாது. இணையதளம்தான் கதி.

இரண்டையும் வைத்துப் பராமரிப்பது வீண் என்று மேலாளருக்கு எண்ணம். இணையதளத்தை மூட, அது யாருக்கும் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் பட்டியலை மறைத்து, திரை முழுக்க ஒரு விளம்பரம் போட்டார்கள்: 'செயலியை இறக்குங்கள்.' வேண்டாதவர்கள் மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொட்டு மூடலாம். சின்னத் திரைகளில் அந்தக் குறி விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

பூதக்கண்ணாடி அன்றே படம் பிடித்து மேலாளருக்கு எழுதினாள்.

"சார், சின்ன போன்ல குறியே தெரியல."

"பாக்கலாம்மா. தலை போற விஷயமா?"

மூன்று வாரம் யாரும் பார்க்கவில்லை. மூட முடியாமல் திரும்பிப் போனவர்களையெல்லாம் 'இணையதளம் வேண்டாதவர்கள்' என்று எண்ணினார்கள். ஒருத்தியின் வாயைப் பொத்திவிட்டு, அவளுக்குப் பேச விருப்பமில்லை என்று எழுதிக்கொள்வதற்குப் பெயர் கணக்கெடுப்பு.

விளம்பரம் வந்த மூன்றாம் நாளே அக்கா அழைத்திருந்தாள். "என்னடி இது, மூஞ்சி முழுக்க நிக்குது, தொலைய மாட்டேங்குது? ரெண்டு நாளா வேலை போச்சு."

"போனைப் படுக்க வை. ஓரத்துல குறி வரும்."

"அட, ஆமாம்! மனுஷன் படுத்தா வேலை போகும், போன் படுத்தா வேலை வருது."

அக்கா அதைத் தோழிகளுக்குச் சொன்னாள். அவர்கள் தங்கள் தோழிகளுக்கு. விளம்பரத்தைத் தாண்டி இணையதளத்துக்குள் போகிறவர்கள் நூற்றுக்கு நான்கு பேராக விழுந்திருந்தார்கள்; அந்த எண் பத்தொன்பதாக ஏறியது. மேலாளர் நேராக அவள் மேசைக்கு வந்தார்.

"எப்படிம்மா உள்ள போறாங்க? உன் கண்ணுக்குத் தப்பாதே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஆனால் கேட்டால் உள்ளதைச் சொல்லும் வாய் அது. எதற்காகக் கேட்கிறார் என்பது மனதில் உறைக்குமுன் பதில் வந்துவிட்டது.

"படுக்கவாட்டுல வச்சா குறி தெரியுது, சார்."

மூன்று வாரம் நேரமில்லாதவர்கள் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார்கள். குறி தெரியும்படி அல்ல. படுக்கவாட்டிலும் தெரியாதபடி. அதைப் பதினொரு கைப்பேசிகளிலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

மறுநாள் ஆறு பத்துக்கு அக்கா அழைத்தாள்.

"படுக்க வச்சாலும் வரலடி. எந்தப் புண்ணியவானோ கண்டுபிடிச்சிட்டான்."

"நான்தான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மேலாளர்கிட்ட. கேட்டாரு."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு அது நின்றது.

"திட்டுக்கா."

"திட்டி என்ன ஆகப்போகுது? இன்னிக்குப் பெரியவர் வீட்டுக்கு வேற யாரோ போவா. அவருக்கு மாத்திரை முழுசா இறங்காதுடி. பொடிச்சுத் தேன்ல குழைச்சுத் தரணும். அவளுக்கு யார் சொல்லுவா?"

நிறுவனத்தின் இணையதளத்தில் அதை எழுத ஓர் இடம் இருக்கிறதா என்று அவள் யோசித்தாள். இல்லை. மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"விலாசம் சொல்லு."

"எதுக்கு? உனக்கு ஆபீஸ் இல்ல?"

"சொல்லுக்கா."

அக்கா சொன்னாள். "ஒன்பது மணி மாத்திரை. எட்டே முக்காலுக்குள்ள போயிடு. மணி அடிக்காத, கதவைத் தட்டு. மணி சத்தம் கேட்டா அவர் பயந்துக்குவார்."

அவள் எழுதிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.