தாஜ்மகாலில் மூன்று மணி நேரம், கையில் போனோடு

என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். இந்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்தாவிட்டால் அது வீணாகிவிடும். அதனால்தான் பிப்ரவரியில் ஆக்ராவுக்குக் கிளம்பினோம். டிக்கெட் எடுத்தது நவம்பரில். மகள் கவிதா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளம்பும்போது மருத்துவர், "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, தாராளமா போய்ட்டு வாங்க" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. அதனால் எனக்கு மனமே இல்லை. கவிதாதான் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். துணைக்கு என் நாத்தனார் செல்வி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கினாள்.

நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். சென்னை சென்ட்ரலிலிருந்து ஆக்ரா கண்டோன்மென்ட் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர். போபால் தாண்டும்வரை மணிக்கு ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்தேன். நாலாவது தடவை கவிதா, "அம்மா, நான் தூங்கட்டுமா?" என்றாள். அதன் பிறகு செல்விக்குச் செய்தேன்.

ஆக்ராவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். கிழக்கு வாசல் வண்டி நிறுத்தம்வரை இருநூறு ரூபாய். அதற்கு மேல் புகை வரும் வண்டிகளை விடுவதில்லை, பேட்டரி வண்டியில் போக வேண்டும். நுழைவுச் சீட்டு ஐம்பது ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் இருநூறு. காலணி உறை அதோடு சேர்த்துத் தருகிறார்கள். ஐநூறு ரூபாய்க்கு ஒரு வழிகாட்டியையும் பேசிக்கொண்டோம். இம்ரான் என்று பெயர், நாற்பது வயது இருக்கும்.

சோதனை வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தபோது செல்வியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, பயப்படாதிங்க. பாப்பாவுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிபோச்சி. கடலூருக்குப் போய்கினு இருக்கோம். குள்ளஞ்சாவடி தாண்டிட்டோம்."

"வலி இருக்கா? ரத்தம் போவுதா?"

"மாப்ள வண்டியில கூடதான் இருக்காரு. ஆஸ்பத்திரி போய் பேசறேன்." கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

திரும்பலாம் என்றேன். "இப்ப ஓடினாலும் நாளைக்குத்தான் போய்ச் சேருவோம். ரூமுல உக்காந்து நீ என்னா பண்ணப் போற? இங்கயாவது நடக்கலாம்" என்றார் என் கணவர். நடந்தோம். சிவப்புக்கல் வாசலைத் தாண்டியதும் தாஜ்மகால் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். நான் என் போனில் சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்தேன்.

இம்ரான் இந்தியில் சொல்ல, அவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பளிங்கு ராஜஸ்தானிலிருந்து யானைகளும் மாடுகளும் இழுத்து வந்ததாம். யமுனைக் கரை ஈர மண் என்பதால், கிணறுகள் தோண்டிக் கல்லும் சுண்ணாம்பும் நிரப்பி அதன்மேல்தான் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த இடத்தில் மட்டும் அவர் முகம் மாறியது. "நாங்க தண்ணிய எறைச்சிகினே இருந்தாத்தான் நிலக்கரியப் பாக்க முடியும். இவங்க தண்ணி மேலயே கட்டிட்டாங்க" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தக் கிணறுகளைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டிருப்பார்.

மேடையில் ஏறும்போது இம்ரான் பாதுஷாவின் மனைவியைப் பற்றி ஆரம்பித்தார். பாதுஷா தெற்கே போருக்குப் போனபோது பேகமும் கூடப் போனாராம். அதோடு அவர் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார்.

"அப்புறம் என்ன சொல்றாரு?"

"ஏதோ சண்டையாம். வா, செருப்புக்கு உறை போட்டுக்க."

எங்கள் பிளாக்கில் பக்கத்து வீடு பீகார்க்காரர்கள். பதினைந்து வருடப் பழக்கம். இம்ரான் பேச்சில் பச்சா, பச்சா என்று வந்தது; பச்சா என்றால் குழந்தை என்று எனக்குத் தெரியாதா? நான் விடாமல் கேட்ட பிறகுதான் அவர் சொன்னார்: பதினான்காவது பிரசவத்தில், புர்ஹான்பூரில், அந்த அம்மா இறந்துபோனார். அங்கேயே புதைத்து, பிறகு எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். இவ்வளவு பளிங்கும் பிரசவத்தில் செத்த ஒரு பெண்ணுக்காக. பள்ளிப் புத்தகத்தில் காதல் சின்னம் என்று படித்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

"பச்சா?" என்று இம்ரானிடம் நானே கேட்டேன். எனக்கு வந்த இந்தி அவ்வளவுதான்.

குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை, எழுபது வயது தாண்டி வாழ்ந்தது என்றார். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு ஒரு பாதிதான் ஆறுதல்.

மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. படம் எடுக்கவும் கூடாது. நாம் பார்க்கும் இரண்டு பெட்டிகளும் அடையாளத்துக்கு வைத்தவை, உண்மையான சமாதிகள் கீழே. பேகத்தின் பெட்டிதான் நடுவில். பாதுஷாவுடையதைப் பின்னால் ஒரு ஓரமாகச் சேர்த்திருக்கிறார்கள். பளிங்கில் பதித்த பூக்களை இம்ரான் டார்ச் அடித்துக் காட்டினார். கல் சிவப்பாக ஒளிர்ந்தது. நான் ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

ஆற்றுப் பக்கம் மசூதி நிழலில் உட்கார்ந்தோம். மணி எட்டரை. மருமகன் சரவணன் பேசினார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர்.

"அத்தை, ஆப்பரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரத்தம் ரெண்டு யூனிட் கேட்டாங்க. எங்க ஷிப்டு ஆளுங்க நாலு பேரு வந்துகினு இருக்காங்க."

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் போன் வரவில்லை. அவர் எழுந்து நடந்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். இம்ரான் தன் வேலை முடிந்தும் போகவில்லை. என் கணவர் விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தார் போல. இம்ரான் சற்றுத் தள்ளி நின்று, வேறு ஆள் கூப்பிட்டபோதும் கையசைத்து அனுப்பிவிட்டார். சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். காவலர் வந்து கேட்டபோது இம்ரான் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். காவலர் திரும்பி வரவில்லை.

பத்து மணிக்குச் செல்வி பேசினாள். பெண் குழந்தை. இரண்டு கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

"கவிதா?"

"ரத்தம் ஏறிகினு இருக்குது அண்ணி. கண்ணு முழிச்சிட்டா. குடுக்கறேன் இருங்க."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "தாகமா இருக்கும்மா. தண்ணி தர மாட்றாங்க" என்றாள். அவரிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் அந்தச் சிவப்புக்கல் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இம்ரான் ஐநூறு ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

டெல்லியில் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் விட்டுவிட்டோம். நான்கு மணி நேரம் டாக்சியில் டெல்லி போய், வாழ்க்கையில் முதல் முறையாக விமானம் ஏறி, மறுநாள் காலை கடலூர் சேர்ந்தோம். குழந்தை இப்போது மூன்று கிலோவைத் தாண்டிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். தின்பண்டத்தை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். பிப்ரவரி காலையில் சால்வை வேண்டும். அஸ்திவாரக் கிணறுகளைப் பற்றி மறக்காமல் கேளுங்கள். வீட்டில் பிரசவத்துக்கு ஆள் இருந்தால் போகாதீர்கள். மருத்துவர் ஐந்து வாரம் இருக்கிறது என்று சொன்னாலும் போகாதீர்கள்.

கவிதா இதைப் படித்துவிட்டு, "நாந்தானம்மா போகச் சொன்னேன், கடைசி ரெண்டு வரியை எடுத்துடு" என்றாள். எடுக்கவில்லை.