வசீதியின் ஆயிரத்து எண்ணூறு டாலர் ஸ்டியரிங்

வசீதிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஃபிஜியில் சவுசவு ஊர்ச் சந்தையில் டாலோ கிழங்கு விற்பவள். அவள் வீட்டு வாசலில் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி ஒன்று நின்றது. நின்றது என்பது பேச்சுக்குத்தான். உறவுக்காரன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்கள் ஃபிஜி கிராமங்களில் கிடையாது. ஆகவே சனிக்கிழமைதோறும் வண்டி ரக்பி ஆட்டத்துக்கோ கல்யாணத்துக்கோ போய்விடும். வண்டிக்காரி மூட்டைகளோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். சந்தைக்குப் போய்ச் சேரும்போது அவளுக்கென்று கழிவறைப் பக்கத்து இடம்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டியரிங் இறுகிப்போனது. மெக்கானிக் முனிலால் அடியில் படுத்துப் பார்த்தார். ஆயில் குழாய் ஒழுகுகிறது, தொண்ணூறு டாலர் ஆகும், அதுவரை திருப்பத்தான் கஷ்டம், வேறு பயமில்லை என்றார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலையே மாமன் மகன் சவெனாதா வண்டி கேட்டு வந்தான். சர்ச் வளைவு வரை ஓட்டிப் போனவன் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"இது வண்டியா, காளை மாடா? திரும்பவே மாட்டேங்குது. ரிப்பேருக்கு எவ்ளோவாம்?"

"ஆயிரத்து எண்ணூறு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. சவெனாதா ரக்பிக்குப் பஸ்ஸில் போனான்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று சொல்லி ரிப்பேரைத் தள்ளிப்போட்டாள். அதன் பிறகு நான்கு மாதம் வசீதிக்கு ராஜயோகம். மண்வெட்டி பிடித்து உரமேறிய கைகள், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிடும். சந்தையில் முதல் வரிசை. பத்து மணிக்குள் கிழங்கு தீர்ந்துவிடும். கடலைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாக ஐஸ்கிரீம் சாப்பிடுவாள். வண்டியை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவே எல்லோரும் குடிக்கும் யங்கோனா பானக் கிண்ணம், பக்கத்தில் பணப் பெட்டி. சர்ச் கூரைக்கு வசூல் என்று நினைத்து வசீதி ஐந்து டாலரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். சவெனாதா பணம் கொடுத்தவர்களை ஒவ்வொரு பெயராக, தொகையோடு உரக்கப் படித்தான். அவன் தன் பன்றியை விற்றிருந்தான். கடைசியில் பெட்டியை அவள் முன்னால் தள்ளினான்.

"ஆயிரத்து எண்ணூத்தி இருபது. போய் உன் காளையை சரி பண்ணு."

வசீதி தன் ஐந்து டாலரை மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கிக்கொண்டால் இத்தனை பேரை ஏமாற்றியவள் ஆவாள். உண்மையைச் சொன்னால் மானமும் போகும், சனிக்கிழமையும் போகும்.

"தொண்ணூறுதான் செலவு, அது எங்கிட்டயே இருக்கு. நான் சொன்னது பொய். சனிக்கிழமை வண்டி எனக்கு வேணும்னு சொல்லத் தெரியல."

சவெனாதாதான் முதலில் பேசினான்.

"வாயத் திறந்து மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"இங்க யாரு யாருக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கா? நீ சொல்லியிருக்கியா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "அதுக்கு எம் பன்னியில்ல போச்சு," என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. பெயர்களை மறுபடி படித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

முனிலால் குழாயை மாற்றினார். வெள்ளிக்கிழமை சவெனாதா வந்து, ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிப் பார்த்தான். நாளைக்கு வண்டி வேண்டும் என்றான்.

வசீதி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாட்டேன். சனிக்கிழமை எனக்கு."

ஐம்பத்திரண்டு வயதில் அவள் சொன்ன முதல் மாட்டேன் அது. சொன்ன பிறகும் வானம் இடிந்து விழவில்லை. சவெனாதா தலையைச் சொறிந்தான்.

"சரி, திங்கக்கிழமை குடு," என்றான்.