ரோட்டில் திறக்காத பூட்டு

அன்னதானம் முடிந்து எல்லோரும் இலையை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன். சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

மலேசியாவில், லிங்கி ஊருக்குப் பக்கத்தில் என் அக்கா குடும்பம் இருக்கும் எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா அன்று. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது அந்த அக்காதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளை வளர்க்கும் நாற்றங்காலில் வேலை. அவள் பக்கத்து வீட்டுக்காரர், "நீ கேன்சருக்கு மருந்து செய்யிறியாமே, என்னா மருந்துமா அது?" என்று கேட்டார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

உண்மையில் நான் செய்வது மருந்தில் ஒரு துண்டு. நீலாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கேன்சர் செல்லை அடையாளம் கண்டு போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று இருக்கிறது, ஆன்டிபாடி என்போம். அந்தச் செல்லைக் கொல்லும் விஷம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சின்னக் கண்ணிதான் லிங்கர், அதுதான் என் பிழைப்பு. ரத்தத்தில் போகிற வழியில் அது அறுந்துவிடக் கூடாது. செல்லுக்குள் நுழைந்ததும் அறுந்தே ஆகவேண்டும். இதை எஸ்டேட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது கோயில் வாசலில் நின்ற ஸ்கூல் வேன் கண்ணில் பட்டது.

"அந்த வேன் மாதிரி ஒன்னு ஒடம்புக்குள்ள போவுதுன்னு வச்சிக்குங்க. உள்ள ஒக்காந்திருக்குற புள்ளைங்கதான் விஷம். நான் செய்யிறது கதவுப் பூட்டு. ஸ்கூல் கேட்டுக்குப் போற வரைக்கும் தொறக்கக் கூடாது, போனதும் தொறந்துடணும்."

"நம்ம புள்ளைங்க நெசமாவே விஷம்தான் லா!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"ரோட்ல தொறந்துகிச்சின்னா?"

"அப்பறம் கண்ட எடத்துல எறங்கி அட்டகாசம் பண்ணும். இப்ப குடுக்குற கீமோவுக்குப் பூட்டே கெடையாது. அதான் முடியெல்லாம் கொட்டிப்போவுது."

"அப்ப ஒன் மருந்துல முடி கொட்டாது?"

"கொட்டாதுக்கா."

இந்த வகை மருந்துகள் சில ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன, அவற்றிலும் சிலருக்கு முடி கொட்டத்தான் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்களுடையது இன்னும் சோதனைக்குழாயைத் தாண்டவில்லை, தாண்டினாலும் மனிதருக்குக் கொடுக்க எத்தனையோ வருஷம் ஆகும் என்றும் சொல்லவில்லை. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதில் மிஞ்சிக் கிடந்த கறிவேப்பிலையோடு சேர்த்து அந்த ஒரு வார்த்தையையும் தூக்கிக்கொண்டு போனாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு எரிச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லை. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மா நீரில் எங்கள் சரக்கைக் கலந்து, உடல் சூட்டில் ஒரு வாரம் வைப்போம். தினமும் கொஞ்சம் எடுத்து, எவ்வளவு விஷம் தனியாகக் கழன்றிருக்கிறது என்று பார்ப்போம். மூன்றாம் நாளே கழன்றுவிடும். சரி என்று கண்ணியைக் கெட்டியாக்கினால் செல்லுக்குள் போயும் திறக்காது, விஷத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். இன்னொரு வகையை மாட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தயிர்போலத் திரிந்துவிடும். சனியன் பிடித்த கண்ணி! மாலையில் சிரம்பானில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் யாராவது சத்தமாகப் போன் பேசினால்கூட அறையலாம்போல இருக்கும்.

அப்படி ஒரு நாள் மதியம் மாமாவிடமிருந்து, அதாவது அக்கா புருஷனிடமிருந்து, போன். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"ஒங்கக்காவுக்கு மார்ல கேன்சராம்மா. மக கல்யாணக் கார்டு எடுக்க பிஸ்கட் டின்ன தொறந்தேன், அடியில ஆஸ்பத்திரி கடுதாசி. திருவிழாவுக்கு முன்னாலயே கீமோவுக்குத் தேதி குடுத்திருக்காங்க. ஒருக்கா கூட போவல."

பாதி வேலையில் கிளம்பிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேயாகக் கத்தினேன். "ஒனக்கு அறிவிருக்கா? சாவுறதுக்கா பிளான் பண்ற?"

"கத்தாதடி. ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டும்!"

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "மகளுக்குக் கல்யாணம். மணவறையில பொண்ணோட அம்மா மொட்டத் தலையோட நின்னா என்னா பேசுவாங்க? சீக்குக்காரி மகள்னு புள்ளைய பாப்பாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுத்துக்கலாம், அதுக்குள்ள ஒன்னுது வந்துடும்னு நெனச்சேன்."

"என்னுதா?"

"பூட்டுப் போட்ட மருந்து. கொட்டாதுன்னு நீதான சொன்ன?"

அவள்மேல் வந்த கோபம் அத்தனையும் என் பக்கம் திரும்பியது. அன்று அந்த இடத்தில், இல்லக்கா, இன்னும் ஒன்றுமே ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இரண்டு மாதம் காத்திருந்திருக்கமாட்டாள். என்னிடம் கேட்டவள் நோயாளி. நானோ அவளைச் சாம்பார் ஊற்ற வந்தவளாகத்தான் பார்த்தேன்.

துணிக் கொடியடியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என் மருந்து இன்னும் மருந்தே ஆகவில்லை, உனக்கு வரவே வராது, நான் பெருமைக்குப் பேசினேன் என்றேன். அவள் மிச்சத் துணியையும் உதறிக் கொடியில் போட்டு முடித்தாள். பிறகு, "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டி பெரிதாகியிருந்தது, அக்குளுக்கும் போயிருந்தது. இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் முடி போய்விடும்.

காரில் வரும்போது அக்கா திடீரென்று, "கோயிலுக்கு வுடு" என்றாள். "அம்மனுக்கு முடி எறக்கிடுறேன். கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டுதல்னா ஒரு வாய் பேசாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வருஷக்கணக்கில் இவ்வளவு கருவிகளை வைத்துக்கொண்டு நாங்கள் முட்டிக்கொண்டிருக்கும் முடிப் பிரச்சினையை இவள் ஒரு சவரக்கத்தியில் முடித்துவிட்டாள். கோயிலில் மொட்டை போடுபவரிடம் நான் சண்டைக்கு நின்றேன்: புது பிளேடுதானா, என் கண் முன்னால் பிரியுங்கள், ஒரு கீறல் விழக் கூடாது. "ஆளே வேணாம், நீயே செரச்சிடுவ போல" என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். நரை கலந்த முடி மடியில் விழுந்தது.

கல்யாணத்தில் அவள் தலையில் சந்தனம் பூசி, பட்டுப்புடவையில், இரண்டாவது கீமோ ஊசியின் களைப்போடு நின்றாள். சுமங்கலி இப்படி நிற்கலாமா என்று ஒரு கிழவி மட்டும் முணுமுணுத்தாள். மற்றவர்கள், மகளுக்காகத் தாய் முடி கொடுத்தாளே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பந்தி ஓய்ந்த பிறகு நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"நல்லா நடந்துடுச்சி. வேண்டுதல் பலிச்சிடுச்சி போ" என்றேன்.

"கல்யாணத்துக்கு எவ வேண்டுனா? அது ஊருக்குச் சொன்னது" என்றாள். "ஒன் பூட்டு ரோட்ல தொறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். எனக்குப் பின்னால வர்றவளுக்காச்சும் ஆவும்ல."

தம்ளரை வாங்கி இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரச் சோதனையில் மூன்றாம் நாளே பூட்டு திறந்துகொண்டது. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன்.

"இந்தத் தடவையும் ஆவலக்கா."

"சரி, திரும்ப செய்யி" என்றாள். "வியாழக்கெழம எனக்கு அடுத்த ஊசி. லீவு போட்டுட்டு வந்துடு."